ஜாவாவின் சந்தைகளில் பெண்கள் இருந்தார்கள். வணிகம் அவர்கள் கையில் இருந்ததா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: "ஐரோப்பியர் வருவதற்கு முன்பு இந்தோனேசியத் தீவுகளில், குறிப்பாக ஜாவாவில், வணிகம் முழுவதும் பெண்கள் கையில் இருந்தது என்றும், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வந்து அதைப் பறித்துக்கொண்டார்கள் என்றும் ஒரு கட்டுரையில் படித்தேன். இது உண்மையா, மிகையா?" இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சந்தையில் உட்கார்ந்து விற்றது யார் என்பது ஒன்று. விற்ற பணம் யாருக்குச் சொந்தம் என்பது இரண்டாவது. கடல் கடந்த பெருவணிகத்தை நடத்தியது யார் என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு ஏறக்குறைய உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு ஓரளவு சொல்லலாம். மூன்றாவதில்தான் நீங்கள் படித்த கட்டுரை வழுக்கியிருக்கிறது என்பது என் எண்ணம். தென்கிழக்காசிய வணிக வரலாற்றைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஐரோப்பியர் எழுதி வைத்தவற்றின் வழியாகவே இந்தக் காலத்தை நான் அணுகியிருக்கிறேன். ஜாவானிய ஏடுகளை மூலமொழியில் படிக்கும் பயிற்சி எனக்கு இல்லை. நான் சொல்வதை இந்தக் குறையோடு சேர்த்தே எடைபோடுங்கள்.

முதலில் உறுதியானதைப் பார்ப்போம். ஒருவரையொருவர் பார்த்து எழுதியதாகத் தெரியாத சாட்சிகள் நமக்குக் கிடைத்திருக்கிறார்கள். 1530களின் பிற்பகுதியில் மொலுக்காத் தீவுகளில் போர்த்துகீசியத் தலைவராக இருந்த அந்தோனியோ கல்வாவ், அங்கே பேரம் பேசுவதும் வாங்குவதும் விற்பதும் பெண்களே என்று எழுதினார். 1596இல் மேற்கு ஜாவாவின் பான்டென் துறைமுகத்துக்கு வந்த முதல் ஒல்லாந்தக் கப்பல்களில் இருந்த வில்லெம் லோடவெய்க்ஸ், அந்த ஊர்ச் சந்தையை வரைபடமாகவே தந்திருக்கிறார். 1688இல் சுமத்திராவின் வடமுனையில் உள்ள அச்சேயில் தங்கிய ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர், நாணயம் மாற்றுவோரில் பெரும்பாலானவர்கள் பெண்கள் என்றார். 1811 முதல் 1816 வரை ஜாவாவை ஆண்ட ஆங்கிலத் துணைநிலை ஆளுநர் ராஃபிள்ஸ், கணவன் தன் பண விவகாரங்களை முழுவதும் மனைவியிடம் ஒப்படைத்துவிடுவது வழக்கம் என்றும், சந்தைக்குப் போய் வாங்கி விற்பது பெண்கள் மட்டுமே என்றும், பணக் கணக்கில் ஜாவானிய ஆண்கள் முட்டாள்கள் என்று அங்கே பழமொழி போலச் சொல்வார்கள் என்றும் குறித்தார். போர்த்துகீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என நால்வரும், ஏறக்குறைய இருநூற்றெண்பது ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு தீவுகளில் ஒரே மாதிரியான காட்சியைப் பார்த்திருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ஆனால் நான்கும் நான்கு இடங்கள், நான்கு காலங்கள். அவற்றை ஒரே நூலில் கோத்து "எங்கும் எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லிவிடுவதும் சரியல்ல.

பான்டென் சந்தையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வோர் இடம் இருந்தது. பழம், காய்கறி, வெங்காயம், அரிசி, கோழி, மீன், கிரிஸ் என்னும் குறுவாள், ஆண்கள் உடுக்கும் துணி, பெண்கள் உடுக்கும் துணி, சீனர் கடை, குஜராத்தியர் கடை என்று அந்த வரைபடத்தில் எழுத்துக் குறியிட்டுக் காட்டப்பட்டிருக்கிறது. பள்ளிவாசல் வேலியோரம் சில பெண்கள் சாக்குகளோடும் காந்தாங் என்னும் முகத்தல் அளவையோடும் உட்கார்ந்து, குடியானவர்கள் கொண்டுவரும் மிளகை வாங்கி விற்றார்கள். அன்றைக்கு உலகமே தேடி வந்த சரக்கு அது. அதைச் சில்லறையாக அளந்து கொடுத்த கைகள் பெண்களின் கைகள். அதே இடத்தில் சீன வணிகர்கள் மிளகு கொண்டுவரும் குடியானவர்களை வழியிலேயே எதிர்கொண்டு மொத்தமாக வாங்க முந்தினார்கள் என்றும் லோடவெய்க்ஸ் சொல்கிறார். சில்லறை ஒருவர் கையிலும் மொத்தம் வேறொருவர் கையிலும் இருந்த நிலை, ஒல்லாந்தர் வந்து இறங்கிய முதல் ஆண்டிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. இந்தச் சாட்சியத்தின் இந்தப் பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பெண்கள் கையில் புழங்கிய பணத்தையும் பார்க்க வேண்டும். சீனாவிலிருந்து 1590களில் வந்து குவிந்த, நடுவில் ஓட்டை உள்ள ஈயக்காசு அது. வைக்கோல் கயிற்றில் இருநூறு காசைக் கோத்தால் ஒரு சரம். ஐந்து சரம் சேர்ந்தால் ஆயிரம். மட்டமான உலோகம் என்பதால் சரம் கைதவறிக் கீழே விழுந்தால் பல காசுகள் உடைந்துபோகும். ஓர் இரவு உப்புநீரில் கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அச்சேயில் டாம்பியர் பார்த்ததும் விரலைச் சுற்றி வளைக்கக்கூடிய ஈயக்காசைத்தான். பெண்கள் சந்தையிலும் தெருமுனைகளிலும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே மாஸ் என்ற சிறிய பொன் நாணயமும் புழங்கியது. ஒரு மாஸுக்கு எத்தனை காசு என்பது நிலையானதல்ல. அதை ஏற்றுவதும் இறக்குவதும் இந்த நாணயமாற்றுக்காரப் பெண்கள் கையில் இருந்தது. இந்தச் செய்தி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. காய்கறி விற்பது ஒன்று, செலாவணி விலையைத் தீர்மானிப்பது வேறு. பின்னதற்கு ஊரில் எவ்வளவு பொன் இருக்கிறது, எந்தக் கப்பல் வந்திருக்கிறது, எது புறப்படப்போகிறது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். படிப்பறிவில்லாத சில்லறை வியாபாரிகள் என்று இவர்களை ஒதுக்கிவிட முடியாது.

இங்கே நமக்கு ஒரு சொந்தம் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். டாம்பியரும் மற்றவர்களும் இந்த நாணயத்துக்கு எழுதிய 'கேஷ்' போன்ற பெயர் நம் 'காசு' என்ற சொல்லிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போனது என்பதே பெரும்பாலான சொல்லாராய்ச்சியாளர்களின் கருத்து. மலாயில் கடைக்குக் 'கெடாய்' என்றும், போட்ட முதலுக்கு 'மொடல்' என்றும் சொல்கிறார்கள், இரண்டும் தமிழ்ச்சொற்களே. சோழமண்டலக் கரையின் துணி இந்தத் தீவுகளின் சந்தைக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதற்கு இந்தச் சொற்கள் ஒரு சான்று. ஆனால் அந்தத் துணியைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர்கள் ஆண்கள்.

இரண்டாவது கேள்வி, பணம் யாருடையது என்பது. ஜாவானிய வழக்கத்தில் மணமான பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டிய சொத்துக்கு 'கோனோ-கீனி' என்று பெயர். திருமணத்துக்கு முன் ஒவ்வொருவரும் கொண்டுவந்தது அவரவருடையதாகவே இருக்கும். மணவிலக்கு ஏற்பட்டால் சேர்ந்து ஈட்டியதைப் பிரிப்பதற்கு 'ஒரு பிக்குல், ஒரு கெண்டோங்' என்றொரு வழக்கு உண்டு. பிக்குல் என்பது தோளில் தண்டு வைத்து இரு முனையிலும் சுமை தொங்கவிட்டுச் சுமப்பது. அது ஆணின் சுமை. கெண்டோங் என்பது நீளத் துணியில் கட்டி முதுகில் சுமப்பது. அது பெண்ணின் சுமை. ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்பது இதன் பொருள். எல்லா ஊரிலும் இப்படியே பிரித்தார்கள் என்பதில்லை. சரிபாதியாகப் பிரித்த இடங்களும் உண்டு. ஆனால் அளவுகோலே சுமையில் இருப்பதைக் கவனியுங்கள். பெண்ணின் பங்கு அவளுக்குக் கருணையாகக் கொடுக்கப்பட்டதல்ல. அவள் சுமந்ததற்கு உரியது என்று அந்தச் சமூகம் கருதியது. யோக்யகர்த்தாவின் பெரிங்ஹார்ஜோ சந்தைக்கு நான் போயிருந்தபோது, நடுவயது கடந்த பெண்கள் கோடுபோட்ட லூரிக் துணியில் தங்களைவிடக் கனமான மூட்டைகளை முதுகில் கட்டி, குனிந்து படியேறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் படியின் நடுவில் நின்று, முடிச்சை நெஞ்சருகே ஒரு கையால் இறுக்கிவிட்டு, மறுகையால் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினார். ஏட்டில் படித்த அந்தச் சொல் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இன்றைய சுமைக்கூலிப் பெண்களை வைத்து 17ஆம் நூற்றாண்டை எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும்; சுமந்த முறையைத்தான் சொல்கிறேன்.

ஒல்லாந்தச் சட்டத்தை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அதன்படி மனைவியின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் கணவனுக்கு உண்டு. இந்த இரண்டு உலகங்களுக்கும் இடையில் சிக்கிய ஒரு பெண்ணின் வாழ்க்கை நன்றாகவே பதிவாகியிருக்கிறது. கொர்னீலியா வான் நைன்ரோட 1629இல் ஜப்பானின் ஹிராடோவில் பிறந்தவர். தந்தை அங்கிருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிப் பண்டகசாலையின் தலைவர், தாய் ஜப்பானியர். சிறுமியாகப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பப்பட்டார். 1652இல் பீட்டர் க்னோல் என்ற கம்பெனி வணிகரை மணந்தார். 1665இல் யாக்கோப் கூமான் வரைந்த அந்தக் குடும்ப ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கணவன், மனைவி, இரு மகள்கள். பின்னால் நிழலில் அடிமைகள் இருவர், அவர்களில் ஒருத்தி கையில் பழக்கூடை. 1672இல் க்னோல் இறந்தபின் பெரும் செல்வத்துக்கு உரியவரான கொர்னீலியா, தாமே வணிகத்தை நடத்தினார். 1676இல் யோகான் பிட்டர் என்ற வழக்கறிஞரை மறுமணம் செய்தபோது, சொத்து ஒன்றாகச் சேராது என்று முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். அப்படியிருந்தும் கணவனுக்குரிய நிர்வாக அதிகாரத்தைச் சொல்லிப் பிட்டர் அந்தப் பணத்தில் கை வைத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, கொர்னீலியாவை முதுமையில் நெதர்லாந்துவரை கொண்டுசென்றது. பத்தாவியாவுக்கு அவர் திரும்பவேயில்லை. விதவையாக இருந்தவரை அவர் வணிகர். மறுபடி மனைவியானதும் அந்த உரிமைக்காகவே வழக்காட வேண்டியிருந்தது. ஜாவானியச் சந்தைப் பெண்ணுக்கு அவருடைய செல்வத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருந்திருக்காது; ஆனால் தன் காசுச்சரத்தைத் தானே அவிழ்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இதிலிருந்து "ஐரோப்பா என்றால் ஒடுக்குமுறை, தீவு என்றால் சுதந்திரம்" என்று கோடு போட்டுவிட வேண்டாம். அதே காலத்து ஒல்லாந்து நகரங்களில் மீன், துணி, பால் விற்ற பெண்கள் ஏராளம். வெளிப்படையாகத் தொழில் நடத்தும் மனைவி, தன் தொழில் தொடர்பான ஒப்பந்தங்களைக் கணவனைக் கேட்காமலே செய்துகொள்ளலாம் என்று அந்நாட்டுச் சட்டம் ஒரு விலக்கும் வைத்திருந்தது. ஆகவே பான்டெனில் இறங்கிய ஒல்லாந்தருக்குப் பெண் விற்பதைப் பார்ப்பது ஒன்றும் புதிதாக இருந்திருக்காது. ஆண்கள் அந்த அளவு ஒதுங்கி நின்றதே புதிதாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

ஆண்கள் ஏன் ஒதுங்கினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. பேரம் பேசுவது உயர்குடி ஆணின் மதிப்புக்கு இழுக்கு என்ற எண்ணம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஜாவானிய மொழியில் உயர்வு தாழ்வுக்கேற்ப சொல்லே மாறும். யாரிடம் எந்தப் படியில் பேசுவது என்று ஒவ்வொரு சொல்லிலும் யோசித்துக்கொண்டு வெங்காயத்துக்கு விலை பேச முடியாது. ஆண்கள் அரசனுக்கும் தலைவனுக்கும் கட்டாய ஊழியம் செய்யக் கடமைப்பட்டிருந்தார்கள், ஆகவே வீட்டின் கைக்காசைப் பெண்ணே பார்க்க வேண்டியிருந்தது என்பது இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டாவதே அதிகம் பொருந்துவதாகத் தெரிகிறது. குடியானவர் வீட்டுக்கு அரண்மனை மதிப்பீடுகளால் மட்டும் காரணம் சொல்ல முடியாது. எந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒன்று நினைவில் இருக்கட்டும்: பணத்தைத் தொடுவது தாழ்வான வேலை என்று கருதிய சமூகத்தில், பணம் பெண்கள் கையில் இருந்தது என்பது அவர்களுக்குக் கிடைத்த கௌரவத்தைக் காட்டாது. இதற்கு நேர்மாறான நிலையும் பக்கத்துத் தீவிலேயே இருக்கிறது. சுமத்திராவின் மினாங்கபாவு மக்களிடம் நிலமும் வீடும் தாய்வழியில் வந்தன. வெளியூர் போய் வணிகம் செய்தவர்கள் ஆண்கள். அங்கே பெண்ணின் வலிமை சந்தையில் இல்லை, வயலில் இருந்தது.

மூன்றாவது கேள்வி கடல். கிழக்கு ஜாவாவின் கிரெசிக்கில் 15ஆம் நூற்றாண்டில் நியாய் கெடே பினாத்தி என்ற செல்வப்பெண் துறைமுகத் தலைவியாக இருந்தார், கப்பல்கள் அனுப்பினார், கடலில் கிடைத்த குழந்தையை வளர்த்தார், அக்குழந்தையே பின்னாளில் சுனன் கிரி என்னும் ஞானியானார் என்று ஊர் மரபு சொல்கிறது. அவருடைய அடக்கத்தலம் இன்றும் அங்கே இருக்கிறது. அப்படி ஒரு பெண் வாழ்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் நம் கையில் உள்ள விவரங்கள் பிற்காலக் கதைகளிலிருந்து வருபவை. அச்சேயை 1641 முதல் 1699 வரை அடுத்தடுத்து நான்கு அரசிகள் ஆண்டதும் உண்மை. அவர்களில் முதலாமவரான தாஜுல் ஆலம் சஃபியத்துதீன் முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆண்டு, ஒல்லாந்தரோடு மிளகுக்கும் வெள்ளீயத்துக்கும் விடாமல் பேச்சு நடத்தினார். அரியணையில் பெண் இருந்தார் என்பதால் கப்பல்களும் பெண்களுடையவை என்று ஆகாது. துறைமுகப் பதிவுகளில் கப்பல் தலைவர்களாக வருபவர்கள் பெரும்பாலும் ஆண்களே.

கடலுக்கும் சந்தைக்கும் நடுவில் ஒரு பாலம் இருந்தது. அதைப் பேசாமல் விட்டால் பதில் நேர்மையாக இருக்காது. காற்று மாறும்வரை மாதக்கணக்கில் துறைமுகத்தில் காத்திருந்த அயல் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களைக் குறுங்கால மனைவியராகக் கொண்டார்கள். மொழி தெரிந்தவளும், விலை தெரிந்தவளும், கொண்டுவந்த துணியைச் சில்லறையில் விற்றுத் தருபவளும் அவளே. இதைச் சமமான கூட்டுத்தொழில் போலச் சிலர் எழுதுகிறார்கள். சில பெண்களுக்கு அப்படி இருந்திருக்கலாம். ஆனால் 1603 முதல் 1605 வரை பான்டெனில் இருந்த ஆங்கில வணிகர் எட்மண்ட் ஸ்காட், அங்கிருந்த சீனர்கள் அடிமைப் பெண்களை வாங்கிக் குடும்பம் நடத்துவார்கள் என்றும், ஊர் திரும்பும்போது பெண்களை விற்றுவிட்டுக் குழந்தைகளைக் கூட்டிச் செல்வார்கள் என்றும் எழுதியிருக்கிறார். பத்தாவியாவில் எசமானிகள் அடிமைப் பெண்களைப் பண்டம் விற்கத் தெருவுக்கு அனுப்பி, மாலையில் குறித்த தொகையை வாங்கிக்கொள்வார்கள். 1620களில் பழவேற்காட்டிலிருந்து கப்பலேற்றப்பட்ட நம் கரையோரத்து ஏழைகளும் அந்த நகரத்தின் அடிமைகளில் இருந்தார்கள். தெருவில் கூடையோடு நின்ற பெண்ணைப் பார்த்த பயணி 'பெண் வணிகர்' என்றே எழுதியிருப்பான். அவளுக்கு அந்தக் காசில் ஒன்றுகூடச் சொந்தமில்லை. 'வணிகத்தில் பெண்கள் பங்கேற்பு' என்ற தொடரைக் கேட்கும்போதெல்லாம் இவள் என் நினைவுக்கு வருகிறாள்.

இனி, ஒல்லாந்தர் பறித்தார்களா என்பது. சந்தையிலிருந்து பெண்களை அவர்கள் விரட்டவில்லை. ராஃபிள்ஸ் காலத்திலும் பெண்களே அங்கே இருந்தார்கள் என்பது அதற்குச் சான்று. நடந்தது வேறு: விலையுள்ள சரக்கு சந்தையை விட்டுப் போனது. கம்பெனிக்குச் சந்தையில் சில்லறையாக வாங்குவதில் அக்கறை இல்லை. மன்னனோடு ஒப்பந்தம் எழுதி, குறித்த விலைக்குக் குறித்த அளவு வாங்கிக்கொள்வதே அதன் வழி. 1684இல் பான்டென் பணிந்தபின் அங்கே மிளகு வாங்கும் தனியுரிமையும் துணி கொண்டுவரும் தனியுரிமையும் கம்பெனிக்குப் போயின. பள்ளிவாசல் வேலியோரம் அளவையோடு உட்கார்ந்திருந்த பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று எந்த ஆவணமும் நேராகச் சொல்லவில்லை. மிளகு குடியானவனிடமிருந்து தலைவனுக்கும், தலைவனிடமிருந்து சுல்தானுக்கும், அங்கிருந்து கம்பெனிக் கிடங்குக்கும் போன பாதையில் அவர்களுக்கு இடம் இருந்திருக்க முடியாது என்பது என் ஊகம். அரிசியும் உப்பும் காய்கறியும் மருந்துவேரும் அவர்கள் கையிலேயே தங்கின. பின்னர் நடு ஜாவாவில் சுங்கச்சாவடிகள் பெருகி, அவை சீனக் குத்தகைதாரர்களிடம் விடப்பட்டபோது, அந்த அரிசிக்கும் உப்புக்கும் சாவடிதோறும் வரி கொடுக்க வேண்டிவந்தது. ஒல்லாந்த ஆட்சிக்கு எதிராக 1825இல் மூண்ட ஜாவாப் போருக்கு அந்தச் சாவடிகள் மீதிருந்த வெறுப்பும் ஒரு காரணம். அந்தப் போரை இளவரசன் திபோநெகோரோவின் பெயரால் சொல்கிறோம். சாவடியில் மூட்டையை இறக்கி ஏற்றியவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சோலோ நகரத்தின் லாவேயான் பகுதியில், மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணித் தொழிலை நடத்திய செல்வச் சீமாட்டிகளைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். அவர்களுடைய உச்சக்காலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். அந்தச் செழிப்பை 1600க்குக் கொண்டுபோய்ப் பொருத்துவது பல கட்டுரைகளில் நான் கண்ட தவறு.

இதை மேலும் ஆராய விரும்பினால், பயணக் குறிப்புகளோடு நிற்காதீர்கள். பயணி கண்ணில் பட்டதை எழுதுவான், கணக்கை எழுதமாட்டான். ஜகார்த்தாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்தாவியாவின் பழைய பத்திரப் பதிவாளர்கள் எழுதிய ஏடுகள் இருக்கின்றன: உயில்கள், கடன் முறிகள், அடிமை விற்பனைகள், அடிமை விடுதலைகள். அவற்றில் பெண்கள் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். அங்கே ஒரு பெண் என்ன விற்றாள் என்று தேடுவதைவிட, அவள் இறந்த அன்று யார் யார் அவளுக்குக் கடன்பட்டிருந்தார்கள் என்று தேடுங்கள்.